இல்லாத ஆளைப் பார்

கோம்பையிலிருந்து மேற்கே நிமிர்ந்து பார்த்தால் மலை கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். உச்சியில் ராமக்கல்மேடும் காற்றாலைகளும் தெரியும். அந்த உச்சி கேரளம், இடுக்கி மாவட்டம். வண்டியில் போக வேண்டுமென்றால் உத்தமபாளையம், கம்பம் என்று சுற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாக ஏற வேண்டும். விடியும் முன்பே எங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து ஏலத் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் கிளம்பிவிடும். அதில் ஒரு ஜீப்பை ஓட்டியவர் என் தாய்மாமன். எங்கள் வீட்டுக்குள் கால்பந்து வந்தது அந்த ஜீப்பில்தான்.

எங்கள் பள்ளத்தாக்கில் கபடிக்கும் வாலிபாலுக்கும் ஆள் சேரும். பெரியகுளத்தில் கூடைப்பந்துப் போட்டி என்றால் பஸ் ஏறிப் போய்ப் பார்ப்பார்கள். கிரிக்கெட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கால்பந்து மட்டும் மலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டது. 2014 உலகக் கோப்பையின்போது கம்பம்மெட்டைத் தாண்டியதும் ஒவ்வொரு முக்கிலும் மெஸ்ஸிக்கும் நெய்மாருக்கும் ஆளுயரத்துக்கு மேல் பிளெக்ஸ் வைத்திருந்தார்கள். அந்த வருடம் கல்லூரி முடித்துவிட்டு, மாமா ஆட்களை இறக்கிவிடும் தோட்டத்து ஸ்டோரில் பச்சைக் காயின் எடை எழுதும் வேலையில் இருந்தேன். காய் எடுப்பு மும்முரமாக இருக்கும் மாதங்களில் அங்கேயே தங்கிவிடுவது வழக்கம். அக்டோபரில் இந்தியன் சூப்பர் லீக், ஐ.எஸ்.எல்., தொடங்கியது. தோட்டத்தில் இருந்த மலையாளிகள் அத்தனை பேரும் கேரளா பிளாஸ்டர்ஸ். மாமாவும் பிளாஸ்டர்ஸ்தான், சோறு போடுகிற மண் அது என்பார். நான் சென்னையின் எஃப்.சி. பக்கம் நின்றேன். தமிழ்நாட்டிலிருந்து அந்த லீக்கில் இருந்த ஒரே அணி அது. அன்றைக்குப் பிடித்தது இன்றுவரை விடவில்லை.

முதல் பருவத்திலேயே இரண்டு அணிகளும் அரையிறுதியில் மோதின. கொச்சியில் நடந்த முதல் ஆட்டத்தில் பிளாஸ்டர்ஸ் 3-0. லீக் பட்டியலில் முதலிடம் பிடித்திருந்த சென்னையின் எஃப்.சி. கதை முடிந்தது என்று தோட்டமே சொன்னது. டிசம்பர் 16 அன்று சென்னையில் இரண்டாவது ஆட்டம். தூக்குப்பாலம் டீக்கடையில் டிவிக்கு முன்னால் நிற்க இடமில்லை. ஷைஜு தாமோதரனின் மலையாள வர்ணனை கடைக்கு வெளியே ரோடு வரைக்கும் கேட்டது. பயிற்சியாளராகவும் ஆட்டக்காரராகவும் இருந்த மார்கோ மாட்டராஸி முதல் பாதியிலேயே சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். பத்துப் பேரோடு ஆடி, 90-வது நிமிடத்தில் ஜெஜே லால்பெக்லுவா போட்ட கோலோடு சென்னை மூன்றையும் திருப்பிவிட்டது. கடை அமைதியாகிவிட்டது. கூடுதல் நேரத்தின் 117-வது நிமிடத்தில் ஸ்டீபன் பியர்சன் ஒரு கோல் போட்டார், பிளாஸ்டர்ஸ் 4-3 என்ற மொத்தக் கணக்கில் இறுதிக்குப் போனது. மாமாவைத் தூக்கிவைத்து ஆடினார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவிலிருந்து அவர் என்னைப் பார்த்துச் சொன்னது: “அழுவாத மாப்ள. பத்துப் பேர வச்சு இவ்வளவு ஆடுனாய்ங்கல்ல. இதே ஆளுங்க அடுத்த வருசமும் இருந்தா கப்பு உங்களுக்குத்தான்.”

மாமாவின் முதல் கணிப்பு அது.

தோட்டத்தில் இந்த வருடம் எவ்வளவு காய் தேறும் என்று முதலாளி கேட்டால், நிற்கிற செடியை மாமா பார்க்க மாட்டார். அழுகல் விழுந்து போன செடி எத்தனை, அது எந்த இடத்தில் என்றுதான் பார்ப்பார். ஓரத்தில் போனால் ஒரு கணக்கு, ஓடைக்கரையில் வரிசையாகப் போனால் வேறு கணக்கு. அணியையும் அவர் அப்படித்தான் பார்த்தார். ஒவ்வொரு பருவத்துக்கும் முன்னால் புதிதாக வாங்கியவர்களின் படங்களை செய்தித்தாளில் நான் காட்டுவேன். அவர் அதைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்பார்: “வந்தவன விடு. போனவன் யாரு? அவன் எந்த எடத்துல நின்னவன்?”

2015-இல் எலானோ, மென்டோசா, பெலிசாரி, மெண்டி, ஜெஜே எல்லோரும் இருந்தார்கள். மாட்டராஸியும் இருந்தார். “நடுவுல ஓட்ட இல்ல” என்றார் மாமா. நவம்பரில் அணி பட்டியலின் அடியில் கிடந்தபோது தோட்டத்தில் என்னைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள்; மாமா மட்டும் கணிப்பை மாற்றவில்லை. கடைசி நான்கு லீக் ஆட்டங்களையும் சென்னையின் எஃப்.சி. வென்றது. அதில் ஒன்று, பிளாஸ்டர்ஸை 4-1 என்று அடித்தது. டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியதால் கொல்கத்தாவுக்கு எதிரான அரையிறுதியின் சொந்த மண் ஆட்டம் புனேவில் நடந்தது. தண்ணீரில் நின்ற நகரத்தின் பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு வேற்றூரில் ஆடி 3-0 என்று ஜெயித்தார்கள்.

டிசம்பர் 20, கோவா ஃபதோர்டா மைதானத்தில் இறுதி ஆட்டம். அதை கோம்பையில் எங்கள் வீட்டில் பார்த்தோம். 87-வது நிமிடத்தில் கோவா 2-1 என்று முன்னே போனது. அம்மா டிவியை நிறுத்தச் சொன்னார். 90-வது நிமிடத்தில் கோவா கோல்கீப்பர் கட்டிமணியின் கையில் பட்டு பந்து அவர் வலைக்குள்ளேயே போனது. அடுத்த ஓரிரு நிமிடத்திலேயே மென்டோசா மூன்றாவதைப் போட்டார். 3-2. அந்தப் பருவத்தில் அவர் போட்டது 13 கோல். எங்கள் தெருவில் அன்றைக்குக் கத்தியது ஒரு வீடுதான். பிளாஸ்டர்ஸ் ரசிகரான மாமாவும் சேர்ந்துதான் கத்தினார்.

அடுத்த வருடம் மென்டோசா இல்லை, எலானோ இல்லை, பெலிசாரி இல்லை. எட்டு அணிகளில் ஏழாம் இடம் வந்தது. மாமா அதைப் பருவம் தொடங்கும் முன்பே சொல்லியிருந்தார்.

2017-இல் லீக் பத்து அணிகளாக விரிந்தது. இந்திய ஆட்டக்காரர்களைப் பங்கு பிரித்ததில் எல்லா அணிகளும் கலைந்து போயின. பயிற்சியாளராக ஜான் கிரிகரி வந்தார். நான் ஜெஜேவைப் பற்றிப் பேசினேன், மாமா வியாசர்பாடிப் பையன் தன்பால் கணேஷைப் பற்றிப் பேசினார். தற்காப்பில் செரேனோவும் மைல்சன் ஆல்வெஸும், அவர்களுக்கு முன்னால் கணேஷ் என்று மூன்று பேரும் முக்கோணமாக நின்றால் பந்து நடுவில் நுழையாது என்பது அவர் கணக்கு. கோல் போடுகிறவனை ஊரே பார்க்கும்; கோல் விழாமல் பார்க்கிறவனைப் பார்ப்பவன்தான் பருவத்தைக் கணிக்க முடியும் என்று அந்த வருடம் கற்றுக்கொண்டேன். கோவாவுக்கு எதிரான அரையிறுதியில் 3-0. ஜெஜே இரண்டு, கணேஷ் ஒன்று. 2018 மார்ச் 17, பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் இறுதி ஆட்டம். ஒன்பதாவது நிமிடத்திலேயே சுனில் சேத்ரி கோல் போட்டார். கார்னரிலிருந்து வந்த பந்துகளை மைல்சன் தலையால் முட்டி இரண்டைத் திருப்பினார், ரஃபேல் அகஸ்டோ மூன்றாவது. மறுபடியும் 3-2, இரண்டாவது கோப்பை.

2018-19-க்கு முன்னால் தமிழ்நாட்டில் கால்பந்து பார்க்கிற எவரும் மூன்றாவது கோப்பையைப் பற்றித்தான் பேசினார்கள். ஜெஜே, அகஸ்டோ, மைல்சன், கால்டெரோன், கிரிகரி என்று பாதிக்கு மேல் அதே அணி. மாமா பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டே ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். “செரேனோ போயிட்டான். கணேசுக்கு முட்டியில அடி. முக்கோணத்துல ரெண்டு மூல இல்ல மாப்ள. மத்தவன் எத்தன பேரு இருந்து என்ன?” என்றார். அந்தப் பருவத்தில் 18 ஆட்டத்தில் 9 புள்ளி, பத்து அணிகளில் பத்தாவது. நடப்புச் சாம்பியன் கடைசி இடம்.

அதே பருவத்தில் இன்னொரு தமிழ்நாட்டு அணி, ஐ-லீக் என்ற தனி தேசிய லீக்கில் ஆடியது. சென்னை சிட்டி எஃப்.சி. என்று பெயர், சொந்த மைதானம் கோவை நேரு ஸ்டேடியம். அதற்கு முந்தைய வருடம் எட்டாவது இடத்தில் தப்பிப் பிழைத்த அணி. சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் பயிற்சியாளர். முன்னால் பெட்ரோ மான்சி, நெஸ்டர், சாண்ட்ரோ என்று ஸ்பெயினிலிருந்து வந்த ஆட்டக்காரர்கள். அவர்களோடு எட்வின் சிட்னி வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார் என்று நம் பையன்கள். 2019 மார்ச் 9, கடைசி நாள். சென்னை சிட்டிக்கு 40 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 39. மினர்வா பஞ்சாபுடன் கோவையில் ஆட்டம். ஈஸ்ட் பெங்கால் அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலத்தோடு.

மாமாவும் நானும் பழனி, பொள்ளாச்சி வழியாகக் கோவைக்குப் போனோம். பிளாஸ்டர்ஸ்காரரை ஒரு தமிழ்நாட்டு அணிக்காகக் கிளப்புவது சுலபமாக இல்லை. “எட்வின் ஆடுறான், வாங்க மாமா” என்றதும் வந்துவிட்டார். உட்கார்ந்த மூன்றாவது நிமிடத்தில் மினர்வா கோல் போட்டது. இடைவேளை வரை 0-1. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் போனில் கோழிக்கோடு ஸ்கோரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடைவேளைக்குப் பிறகு மான்சி பெனால்டியில் சமன் செய்தார். கௌரவ் போரா என்ற தற்காப்பு ஆட்டக்காரர் இரண்டு கோல் போட்டார். 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் 2-1 என்று ஜெயித்துவிட்டது என்பதால், சமனில் முடிந்திருந்தால் பட்டம் போயிருக்கும். 43-க்கு 42, ஒரு புள்ளியில் சாம்பியன். மான்சி அந்தப் பருவத்தில் 21 கோல். ஸ்டேடியத்தில் முன்பின் தெரியாத ஒரு பெரியவர் மாமாவைக் கட்டிப்பிடித்து, எட்வினைக் காட்டி “நம்ம பையன்” என்றார். மாமா தலையாட்டினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் பேசியதெல்லாம் ஒன்றைப் பற்றித்தான்: இத்தனை தமிழ்ப் பையன்கள் ஐ-லீக்கில் இருக்கும்போது ஐ.எஸ்.எல். அணியில் ஏன் ஒன்றிரண்டு பேரோடு நிற்கிறது?

அடுத்த பருவத்தில் எட்வின் சென்னையின் எஃப்.சி.க்கு வந்தார். தொடக்கத்தில் அணி வழக்கம்போல் தடுமாறியது, கிரிகரி போனார், 2019 டிசம்பரில் ஓவன் காயில் வந்தார். அதன் பிறகு நான் பார்த்த கால்பந்துதான் இந்த அணி ஆடியதிலேயே அழகானது என்று இன்றும் சொல்வேன். கிரிவெல்லாரோ பந்தை வைத்துக்கொண்டு தலையை நிமிர்த்தினாலே வால்ஸ்கிஸ் ஓடத் தொடங்கிவிடுவார். 2020 பிப்ரவரி 1 அன்று கொச்சியில் பிளாஸ்டர்ஸை 6-3 என்று அடித்தார்கள். அன்று இரவு மாமா என் போனை எடுக்கவில்லை. மறுநாள் காலையில் தானாகவே கூப்பிட்டு, “அந்த பத்தாம் நம்பர்காரன் காலு கட்டிப் போட வேண்டிய காலுடா” என்று மனசார மெச்சினார். அணி நான்காம் இடத்துக்கு ஏறி, அரையிறுதியில் கோவாவை 6-5 என்ற மொத்தக் கணக்கில் தாண்டியது.

மார்ச் 14 இறுதி ஆட்டம் ஃபதோர்டாவில் ஆளே இல்லாமல் நடந்தது. கொரோனா. வால்ஸ்கிஸ் கோல் போட்டபோது ஆட்டக்காரர்கள் கத்துவது மட்டும் டிவியில் கேட்டது. கொல்கத்தா 3-1. சில நாட்களில் கம்பம்மெட்டும் குமுளியும் மூடப்பட்டன. ஜீப் வாசலில் நின்றது. கூலிக்கு மலையேறிப் பிழைத்த ஊர்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. அந்த நாட்களில் மாமாவும் நானும் அணியைப் பற்றிப் பேசித்தான் மாலைப் பொழுதைத் தள்ளினோம். காயில் ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார், வால்ஸ்கிஸையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார் என்று செய்தி வந்தபோது அவர் சொன்னார்: “பந்து குடுக்குறவன் இருக்கான். வாங்குறவன் இல்ல. இனிமே டிராதான்.” 2020-21-இல் 20 ஆட்டத்தில் 11 சமன், 3 வெற்றி. கிரிவெல்லாரோவும் பாதியிலேயே காயம்பட்டு வெளியேறினார். எட்டாம் இடம்.

அந்த எட்டாம் இடம் மூன்று வருடம் அசையவில்லை. 2020-21-இல் சாபா லாஸ்லோ, 2021-22-இல் போஜிதார் பாந்தோவிச், 2022-23-இல் தாமஸ் பிர்தாரிச். மூன்று பயிற்சியாளர், மூன்று முறையும் எட்டு. ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக ஆடச் சொன்னார்கள், ஒவ்வொரு வருடமும் வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் புதிதாக வந்தார்கள். அந்த மூன்று வருடங்களில் அணியில் இல்லாமல் போனது ஒரு தனி ஆள் அல்ல, தொடர்ச்சி. போன வருடத்தின் தவறை இந்த வருடம் திருத்த, போன வருடம் அங்கே இருந்த ஒருவர் வேண்டும். 2023-இல் காயில் திரும்பி வந்தார். 2022-23-இல் 27 புள்ளி எட்டாம் இடம் தந்தது. 2023-24-இல் அதே 27 ஆறாம் இடத்துக்கு ஏற்றிவிட்டது. ஆறுக்குள் வந்தவர்கள் பிளே-ஆஃப் ஆடலாம். கோவாவிடம் 2-1 என்று தோற்று முடிந்தது. 2024-25-இல் பதினோராம் இடம்.

அதற்குப் பிறகு பருவமே இல்லாமல் போகும் நிலை வந்தது. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கும் லீக்கை நடத்திய நிறுவனத்துக்கும் இடையே 2010-இல் போட்ட 15 வருட ஒப்பந்தம் 2025 டிசம்பரோடு முடிவதால், அந்த ஜூலையில் லீக் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் சென்னையின் எஃப்.சி. தன் முதல் அணியின் பணிகளை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. கணிக்க ஒன்றுமே இல்லாத மழைக்காலம் அது. பிறகு காயிலின் இடத்துக்கு கோவாக்காரர் கிளிஃபோர்டு மிராண்டா வந்தார். 14 அணிகள், ஆளுக்கு 13 ஆட்டம், 2026 பிப்ரவரி 14-இல் தொடக்கம் என்று ஜனவரியில் சொன்னார்கள். அன்றே மாமாவிடம் போனேன். அவர் இப்போது ஜீப் ஓட்டுவதில்லை; காலையில் திண்ணையில் பேப்பர் படிக்கிறார்.

13 ஆட்டம் என்பது ரொம்பச் சின்ன பருவம். 2015-இல் 14 ஆட்டம். கடைசி நான்கில் எழுந்து நிற்க முடிந்தது. எழுந்து நிற்பதற்கு மென்டோசா மாதிரி ஒருவர் முன்னால் வேண்டும், பின்னால் ஒரு முக்கோணம் வேண்டும், எல்லோரும் ஒருவரையொருவர் போன வருடமே அறிந்திருக்க வேண்டும். மாதக்கணக்கில் பயிற்சியே இல்லாமல் கிடந்த அணிக்கு அந்தப் பழக்கம் வர ஐந்தாறு ஆட்டம் பிடிக்கும். அதற்குள் பாதிப் பருவம் போய்விடும். மாமா பத்தாம் இடத்துக்கு மேல் வராது என்கிறார். நான் எட்டு என்கிறேன். மிராண்டா இந்திய ஆட்டக்காரர்களை வைத்து ஆடவைக்கத் தெரிந்தவர், வெளிநாட்டுக்காரர்கள் குறையும் வருடத்தில் அது பலம் என்பது என் நியாயம். அதற்கு மேல் ஏற, மாமா கேட்கும் அதே கேள்விக்குப் பதில் வேண்டும்.

யார் இல்லை? சிவசக்தி நாராயணன் சிவகங்கை மாவட்டம் கண்டனூர்ப் பையன். 2022-23-இல் லீக்கின் வளரும் ஆட்டக்காரர் விருது வாங்கினார், பெங்களூரு சட்டையில். மைக்கேல் சூசைராஜ் கன்னியாகுமரியின் இரவிபுத்தன்துறை மீனவக் கிராமத்துக்காரர்; ஐ.எஸ்.எல்.லில் அவரை முதலில் எடுத்தது ஜாம்ஷெட்பூர். 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக வெற்றி கோல் போட்டு ஈஸ்ட் பெங்கால் ரசிகர்களை ஆனந்தத்தில் அழவைத்த நந்தகுமார் சேகர் சென்னைக்காரர். கோவையில் பட்டம் வாங்கிய சென்னை சிட்டி 2020-21-க்குப் பிறகு ஐ-லீக்கிலேயே இல்லை. அங்கே ஒரே சட்டையில் ஓடிய பையன்கள் ஆளுக்கொரு ஊருக்குப் போய்விட்டார்கள். கண்டனூரிலிருந்தும் இரவிபுத்தன்துறையிலிருந்தும் வர முடியும் என்றால் தேவாரத்திலிருந்தும் கோம்பையிலிருந்தும் வர முடியும். தேடி வருகிற கண் மட்டும்தான் மதுரைக்கு மேற்கே வருவதில்லை.

அதனால் இந்த வருடத்துக்கு என் கணிப்பு எட்டு. தமிழ்நாட்டு நடுக்கள ஆட்டக்காரர் ஒருவரை முதல் பதினொன்றில் நிறுத்தி, அவரை மூன்று பருவம் விடாமல் ஆடவைக்கிற வருடத்திலிருந்து நான் முதல் நான்கு என்று எழுதுவேன். மாமாவும் அதற்குச் சம்மதித்துவிட்டார். பிளாஸ்டர்ஸுக்கு எதிரான ஆட்டத்தை மட்டும் கணக்கில் சேர்க்கக் கூடாதாம்.